அத்தை குளத்தில் இறங்கியது

திருநெல்வேலிப் பக்கத்தில் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போனால், கொச்சியிலிருந்து வந்திருக்கிறார்கள் என்று தெரிந்ததும் யாரும் முதலில் எங்கள் முகத்தைப் பார்க்கமாட்டார்கள். காலைப் பார்ப்பார்கள். வாங்க வாங்க என்று வாய் சொல்லிக்கொண்டிருக்கும்போதே பார்வை கணுக்கால் வரை ஒரு தடவை இறங்கிவிட்டுத்தான் மேலே வரும். அவர்கள் யானைக்கால் என்பார்கள். எங்கள் ஊரில் அதற்கு மந்து என்று பெயர். மட்டாஞ்சேரியில் பிறந்து வளர்ந்த எங்களுக்கு அது அதிசயமே இல்லை. பஜாரில் மிளகு மூட்டை சுமப்பவருக்கு இருந்தது. படகுத்துறையில் மீன் விற்கிற அம்மாளுக்கு இருந்தது. பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லிக்கொடுத்த சாருக்கு இரண்டு காலிலும் இருந்தது. ஆடி மாத மழையும் உப்புக்காற்றும் போல அதுவும் ஊரோடு சேர்ந்தது என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

எங்கள் வீட்டில் அது அத்தைக்கு இருந்தது.

அத்தை என்றால் அப்பாவின் ஒரே தங்கை. அப்போது அவளுக்கு முப்பது வயது இருக்கும். வலது கால், முழங்காலுக்குக் கீழே. பதினான்காவது வயதில் வீங்கத் தொடங்கியதாம். அதற்கு வீட்டில் ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தார்கள். கிணற்று உப்புத்தண்ணீர் குடித்ததால் என்று அம்மா சொல்வாள். எதையோ மிதித்துவிட்டாள் என்று அப்பா சொல்வார். திருநெல்வேலிச் சொந்தக்காரர்கள் சாபம் என்று சொன்னதாகவும் கேள்வி. பெண் பார்க்க இரண்டு பேர் வந்தார்கள் என்றும், இரண்டு பேரும் காபி குடித்துவிட்டுப் போனார்கள் என்றும் அத்தையே சிரித்துக்கொண்டு சொல்லியிருக்கிறாள். "முதல்ல வந்தவன் ரெண்டு டம்ளர் குடிச்சான்" என்பாள்.

அவளிடம் ஒரு தையல் மிஷின் இருந்தது. முன்னறை ஜன்னலோரமாக அதைப் போட்டு, இடது காலால் மட்டும் மிதித்து, சந்திலிருக்கும் எல்லாப் பெண்களுக்கும் ரவிக்கை தைத்தாள். தமிழர், கொங்கணிகள், மலையாளிகள், முஸ்லிம் வீட்டுப் பெண்கள், யாராக இருந்தாலும் அளவுக்கு ஒரு பழைய ரவிக்கையை ஜன்னல் வழியாகக் கொடுத்துவிட்டுப் போவார்கள். ஜன்னல் வழியாகவே புதியதை வாங்கிக்கொள்வார்கள். அவள் நாக்குக்கு எல்லாரும் பயப்படுவார்கள். அவளிடம் பேச எல்லாரும் வருவார்கள். ஆனால் அவள் தெருவில் நடந்து யாரும் பார்த்ததில்லை. மிஷினுக்குப் பின்னால் புடவை தரைவரை இறங்கியிருக்கும்.

கேரளம் என்று ஒரு மாநிலம் உண்டாகி இரண்டு மூன்று வருஷம் ஆகியிருக்கும். நான் ஐந்தாம் வகுப்பு. ஒருநாள் சுகாதார இலாகாவிலிருந்து காக்கி நிக்கர் போட்ட ஒருவர் வகுப்புக்கு வந்தார். ஒரு கையில் குடை, மறு கையில் வாய் அகன்ற கண்ணாடிக் குப்பி. குப்பிக்குள் பாயல் மிதந்தது. குளங்களை மூடிக்கொண்டு வளருமே, ஆகாயத்தாமரை, அதைத்தான் எங்கள் ஊரில் பாயல் என்போம். அவர் குப்பியை ஒரு தட்டுத் தட்டினார். தொங்கிக்கொண்டிருந்த வேர்களிலிருந்து நூல் துணுக்கு மாதிரி ஏதோ கழன்று நெளிந்தது. கொஞ்ச நேரத்தில் திரும்பிப் போய் வேரிலேயே ஒட்டிக்கொண்டது. அதுதான் கொசுக்குஞ்சு என்றார். வேரில் வாயை ஊன்றி அதன் வழியாகத்தான் அது மூச்சு விடுகிறதாம். வளர்ந்து கொசுவானதும் மந்து உள்ளவரைக் கடித்து, அவர் ரத்தத்திலிருக்கும் புழுவை எடுத்துக்கொண்டு வந்து இன்னொருவருக்குக் கொடுக்கிறதாம். கால் வீங்க வருஷக்கணக்காகும், வீங்கிவிட்டால் கஷ்டம்தான். ஆனால் பாயலை வாரிக் கரையில் போட்டுவிட்டால் கொசுக்குஞ்சு மூச்சு முட்டிச் செத்துவிடும். "உங்கள் வீட்டுப் பக்கத்தில் பாயல் பிடித்த குளம் எத்தனை பேருக்கு இருக்கிறது?" என்று கேட்டார். வகுப்பே கையைத் தூக்கியது. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஜமீலா இரண்டு கையையும் தூக்கினாள்.

ஜமீலாவின் வீடு எங்கள் வீட்டுக்கு அடுத்தது. அவள் அத்தா சாக்குக் கடை வைத்திருந்தார். இரண்டு வீட்டுக்கும் பின்னால்தான் அந்தக் குளம். பாய் விரித்த மாதிரி பச்சையாகக் கிடக்கும். வழி தெரியாத நாய் ஒன்று தரை என்று நினைத்து ஓடிவந்து முங்கி எழுந்ததை நாங்கள் பார்த்திருக்கிறோம்.

அடுத்த சனிக்கிழமை காலை நானும் ஜமீலாவும் அவளுடைய இரண்டு தம்பிகளும் கொங்கணி வீட்டு ராதாவும் முருங்கைக்காய் பறிக்கிற துறட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினோம். ஊரைக் காப்பாற்றுகிற வேலை இவ்வளவு சுலபமாக இருக்கும் என்று நாங்கள் நினைக்கவில்லை. துறட்டியால் இழுத்தால் பாயல் கும்பலாக வந்தது. கை அரித்தது, யாரும் நிறுத்தவில்லை. கரையில் இடுப்புயரம் குவித்துவிட்டு, எத்தனை கொசு செத்திருக்கும் என்று ஜமீலாவின் தம்பிகள் சண்டை போட்டுக்கொண்டிருந்தபோது வறீது சேட்டன் வந்தார்.

குளத்தின் மறு கரையில் அவருடைய தென்னந்தோப்பு. குளமும் அவருடையதுதான். பாயலை அவர் வளர்த்துக்கொண்டிருந்தார் என்பது எங்களுக்குத் தெரியாது. வருஷத்துக்கு ஒரு தடவை அதை வாரித் தென்னைக்கு உரமாகப் போடுவாராம்.

"எந்தா இது! ஆரு சொல்லி வாருறீங்க? என்ற தெங்குக்குள்ள வளமாணு அது!"

"இதுல கொசுக்குஞ்சு இருக்கு சேட்டா. மந்து வரும்" என்றாள் ஜமீலா.

"எனிக்கு அறுபது வயசாயி. எனிக்கு வந்நோ?" என்று வேட்டியைத் தூக்கிக் காலைக் காட்டினார். கொக்கின் கால் மாதிரி இருந்தது. அதற்கு என்ன பதில் சொல்வதென்று சுகாதாரக்காரர் எங்களுக்குச் சொல்லித் தரவில்லை.

சாயங்காலமே அவர் வீட்டுக்கு வந்து அப்பாவிடம் முறையிட்டார். அப்பாவின் தாத்தா காலத்தில் கொச்சிக்கு வந்த குடும்பம் எங்களுடையது. ஆனாலும் அப்பாவுக்கு நாங்கள் நேற்று வந்து இறங்கியவர்கள்தான். "நாம வந்து தங்கின ஆளுக. பக்கத்து வீட்டுக்காரன் மனசு நோகக் கூடாது" என்று சொல்லிவிட்டு, இனிமேல் குளத்துப் பக்கம் போனால் காலை ஒடிப்பேன் என்றார். சொன்ன பிறகு முன்னறைப் பக்கம் திரும்பிப் பார்த்து, வேறு ஏதாவது சொல்லியிருக்கலாம் என்பது போலத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கடைக்குப் போனார்.

மிஷின் சத்தம் நின்றுபோயிருந்தது.

"ஏட்டி, இங்க வா. அந்தாளு குப்பியில என்ன காட்டினாரு?" என்றாள் அத்தை.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். வேர், கொசு, புழு. அவள் மறுபடி முதலிலிருந்து சொல்லச் சொன்னாள். இரண்டாவது தடவை இன்னும் நன்றாகச் சொன்னேன்.

"அப்போ எதையும் மிதிச்சு வாறது இல்லையா?"

"இல்ல அத்தை. கொசுதான்."

"சாபம்?"

"சாபம்னு அவரு ஒண்ணும் சொல்லல."

அவள் கையிலிருந்த துணியை மடித்து வைத்தாள். "நம்ம பின்னால கிடக்கிறதும் அந்தப் பாயல்தானா?"

"அதேதான்!" என்றேன். சரியான விடை சொன்ன சந்தோஷத்தில் கை தட்டாத குறை.

அத்தை எழுந்து பின்னறைக்குப் போனாள். சின்ன வயதிலிருந்து அவள் படுத்துத் தூங்கும் அறை. காற்று நன்றாக வரும் என்று வீட்டில் பார்த்து அவளுக்கென்று ஒதுக்கியது. அதன் ஜன்னல் குளத்தைப் பார்த்து இருந்தது. அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள். நானும் பின்னால் போய் நின்று, பாயல் மேல் கொக்கு ஏதாவது நடக்கிறதா என்று எட்டிப் பார்த்தேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அப்பா கடைக்குப் போகாமல் வீட்டிலிருந்தார். அத்தை தலை வாரி, இஸ்திரி போட்ட புடவை கட்டிக்கொண்டு முன்னறைக்கு வந்தாள். "நான் வறீது சேட்டனைப் பார்த்துட்டு வாரேன்" என்றாள்.

"நீயா?" என்றார் அப்பா.

"நான்தான். கால் எனக்குத்தானே இருக்கு."

அவள் வாசல் வழியாகவே இறங்கினாள். பின்பக்கமாகப் போனால் பத்தடி தூரம். அவள் சந்து முழுக்க நடந்து, முனையில் திரும்பி, தோப்பின் படல் வழியாகப் போனாள். ஜன்னல் ஜன்னலாகப் பேச்சு நின்றது. குழந்தைகள் நாங்கள் ஐந்து பேரும் பின்னாலேயே போனோம். ஊர்வலம் போவது போல எனக்குப் பெருமையாக இருந்தது.

வறீது சேட்டன் தேங்காய் எண்ணிக்கொண்டிருந்தார். எழுந்து, ஒரு ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். தென்னை உச்சியைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், கோழியைப் பார்த்தார்.

"காலைப் பாருங்க சேட்டா" என்றாள் அத்தை. "பதினாறு வருஷமா எல்லாரும் பார்க்காத மாதிரி பார்த்துட்டிருக்காங்க. நீங்க நேராவே பாருங்க."

அவர் பார்த்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டார்.

"உங்க குளம்தான் இதைத் தந்துச்சுன்னு நான் சொல்லல. அது யாருக்குத் தெரியும்? இந்தப் பிள்ளைகளுக்கு வராம இருக்க ஒரு வழி இருக்குன்னுதான் சொல்லுதேன். பாயல் ஒரு பிடி வெளிய போகாது. வாரி வாரி உங்க தெங்கு மூட்டுலயே போடுதோம். வேலை எங்களுக்கு, வளம் உங்களுக்கு."

"பின்னே அடுத்த கொல்லம்?"

"அடுத்த வருஷம் சாணி போடுங்க. சாணியில யாருக்கும் கால் வீங்கல."

வறீது சேட்டனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதை மறைக்கக் கோழியை விரட்டினார். குழந்தைகள் யாரும் தண்ணீரில் இறங்கக் கூடாது, இறங்கினால் அன்றோடு முடிந்தது என்று மட்டும் சொன்னார்.

அதிலிருந்து தினமும் பள்ளிக்கூடம் விட்டதும் வாரினோம். ஆனால் துறட்டி எட்டும் தூரம்தான் எங்கள் ராஜ்யம். மாலையில் ஓரத்தைச் சுத்தம் செய்தால், காலையில் நடுவிலிருந்த பாயல் காற்றில் நகர்ந்து வந்து ஓரத்தை மூடியிருக்கும். பத்து நாளில் எங்களுக்கு வெறுத்துப்போயிற்று. ராதா வரவில்லை. ஜமீலாவின் தம்பிகள் துறட்டியை வாளாக்கிச் சண்டை போட்டார்கள். அத்தை கரையில் ஒரு கல்மேல் உட்கார்ந்து குளத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், துணியை வெட்டுவதற்கு முன்னால் பார்ப்பாளே அப்படி.

ஜமீலாவின் அத்தாவிடம் கிழிந்த சாக்குகள் கேட்டனுப்பினாள். எட்டுச் சாக்குகளைப் பிரித்து, கோணி ஊசியால் ஒன்றோடொன்று சேர்த்து நீளமாகத் தைத்தாள். மேல் விளிம்பில் கயிற்றை வைத்து மடித்து அடித்தாள். இரண்டு கரையிலும் ஆள் நின்று இழுத்தால், சேலைத் தலைப்பால் வாரிக்கொண்டு வருவது போல பாயல் முழுவதும் ஒரு பக்கமாக வந்துவிடும் என்பது அவள் கணக்கு.

ஞாயிற்றுக்கிழமை ஒரு முனையை ஜமீலாவின் அத்தா பிடித்தார். அடுத்த முனைக்கு ஆள் இல்லாமல் எல்லாரும் நின்றபோது, அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போய்ப் பிடித்தார். இழுத்தார்கள். ஓரத்தில் நன்றாக வந்தது. நடுவில் சாக்கு நனைந்து கனத்துத் தொய்ந்தது; பாயல் அதன்மேல் ஏறி மறுபக்கம் போய்விட்டது. இன்னொரு தடவை இழுத்தார்கள். அதே கதைதான். யாராவது நடுவில் இறங்கி, சாக்கைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கூடவே நடக்க வேண்டும். வறீது சேட்டன் தனக்கு வாதம் என்றார். சந்துக்காரர்கள் ஏழெட்டுப் பேர் வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒவ்வொருவரும் அடுத்தவர் முகத்தைப் பார்த்தார்கள்.

அத்தை கல்லிலிருந்து எழுந்தாள். புடவையை இழுத்துச் செருகினாள். அந்தக் கால் முழங்கால்வரை வெயிலில் தெரிந்தது.

"ஏய், வேண்டாம். உனக்குத் தண்ணி ஆகாது" என்று அக்கரையிலிருந்து அப்பா கத்தினார்.

"கயித்தை விட்டுராதீங்கண்ணே" என்று சொல்லிக்கொண்டே அவள் இறங்கிவிட்டாள். முழங்கால், இடுப்பு, நெஞ்சு. பாயல் விலகி வழிவிட்டு மறுபடி அவளைச் சுற்றிச் சேர்ந்துகொண்டது. நடுவுக்குப் போய்ச் சாக்கின் விளிம்பை இரண்டு கையாலும் தலைக்கு மேல் தூக்கினாள். "இழுங்க!"

இந்தத் தடவை பாயல் நழுவவில்லை. பாதிக் குளம் சுருண்டுகொண்டு கரைக்கு வந்தது. அதை வாரி மேலே ஏற்றத்தான் எங்கள் கை போதவில்லை. அப்போது ஜமீலாவின் அம்மா பின்வாசலைத் திறந்துகொண்டு வந்தாள். தலையில் போட்டிருந்த தட்டத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டு, "பார்த்துட்டு நிக்கிறீங்களே, உங்களுக்கெல்லாம் கை இல்லையா?" என்று ஆண்களைப் பார்த்துக் கேட்டுவிட்டுத் தண்ணீரில் இறங்கினாள். ராதாவின் அம்மா இறங்கினாள். அத்தையிடம் ரவிக்கை தைத்துக்கொண்டவர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். கடைசியில் வறீது சேட்டன் தோர்த்துத் துண்டைக் கட்டிக்கொண்டு, "பெண்ணுங்க எறங்கி, நான் கரையில நிக்கவோ?" என்று தானும் இறங்கினார். வாதத்தைப் பற்றி யாரும் அவரிடம் கேட்கவில்லை.

மத்தியானத்துக்குள் எல்லாம் முடிந்தது. தென்னை மூட்டெல்லாம் பச்சையாகக் குவிந்து கிடந்தது. இந்தக் குளம் இவ்வளவு சின்னதா என்றுதான் எனக்குத் தோன்றியது. அத்தை சேறும் வேரும் ஒட்டிய புடவையோடு கரையேறி, எல்லாருக்கும் சாயா போடச் சொல்லி அம்மாவிடம் சத்தம் போட்டாள். அவ்வளவு பேருக்கு நடுவில் அவள் நின்று சிரித்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

சாயங்காலம் அவளுக்கு நடுக்கம் கண்டது. கால் செக்கச்செவேலென்று சிவந்து, தொட்டால் அடுப்புக்கல் மாதிரி சுட்டது. ஐந்து நாள் காய்ச்சல். ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர் வந்து பார்த்து, அழுக்குத் தண்ணீரில் கால் வைத்தால் இப்படித்தான் வரும் என்று எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன், தெரிந்துகொண்டே இறங்குவார்களா என்று அப்பாவைக் கோபித்துக்கொண்டார். அந்த ஐந்து நாளும் அப்பா கடை திறக்கவில்லை.

மூன்றாம் நாள் கண் விழித்த அத்தை என்னைக் கூப்பிட்டாள். "கொசு குறைஞ்சிருக்கா?"

"ரொம்பக் குறைஞ்சிருச்சு அத்தை."

"பொய் சொல்லாதே. இப்பகூட ரெண்டு கடிச்சுது." பிறகு கண்ணை மூடிக்கொண்டு, "ஓரத்துல ஒண்ணு ரெண்டு முளைக்கும். விட்டா ஒரு மாசத்துல பழையபடி மூடிரும். சனிக்கிழமை சனிக்கிழமை போய்ப் பாருங்க" என்றாள்.

நாங்கள் போனோம். பள்ளிக்கூடம் முடிக்கும்வரை, ஏறக்குறைய ஆறு வருஷம், ஒரு சனிக்கிழமையும் விடாமல் போனோம். எங்களுக்குப் பிறகு ஜமீலாவின் தம்பிகளும் அவர்களுக்குப் பிறகு வேறு பிள்ளைகளும் போனார்கள். அந்தச் சந்தில் என் வயதுக்காரர்கள் யாருக்கும் கால் வீங்கவில்லை. அதற்குக் குளம்தான் காரணமா, பின்னால் வந்த மாத்திரைகளா என்று சொல்ல நான் வைத்தியர் இல்லை. ஆனால் குழந்தைகளை ஆறு வருஷம் ஒரே வேலையைச் செய்யவைப்பது எவ்வளவு கடினம் என்பது, நானும் பிள்ளைகளைப் பெற்று வளர்த்தபிறகு எனக்குத் தெரியும். அத்தை அதைச் செய்த விதத்தைச் சொல்ல வேண்டும்.

காய்ச்சல் விட்டு அவள் எழுந்து உட்கார்ந்த அன்று நான் கேட்டேன், "குளம்தான் சுத்தமாயிருச்சே, இனி உன் கால் சரியாயிரும்லா அத்தை?"

அவள் மிஷின் டிராயரிலிருந்து அளவு நாடாவை எடுத்தாள். "அளந்து பார்ப்போமா?" என்றாள். பழைய நாடா, எண்களெல்லாம் தேய்ந்துபோய், அவளைத் தவிர வேறு யாராலும் படிக்க முடியாது. கணுக்காலைச் சுற்றிப் பிடித்து, "பதினஞ்சரை" என்றாள். நான் பின்னறைச் சுவரில் அடுப்புக்கரியால் எழுதினேன்.

அடுத்த சனிக்கிழமை குளத்திலிருந்து திரும்பியதும் எல்லாரும் அவளைச் சுற்றி உட்கார்ந்தோம். அளந்தாள். "பதினஞ்சேகால்." ஜமீலாவின் தம்பிகள் குதித்தார்கள். அதற்குப் பிறகு யாரையும் கூப்பிட வேண்டியிருக்கவில்லை. மழையானாலும் துறட்டியோடு வந்து நின்றார்கள். வாராமல் விட்ட வாரம் காலின் அளவு ஏறிவிடும் என்று ராதா பயந்தாள். ஒருமுறை நாங்கள் சோம்பலில் அரைகுறையாக வாரிவிட்டு வந்தபோது உண்மையாகவே அளவு கால் அங்குலம் ஏறியிருந்தது. மறுபடி ஓடிப்போய் மிச்சத்தையும் வாரினோம்.

அந்த வருஷம் முடிவதற்குள் சுவரில் எண் பன்னிரண்டுக்கு இறங்கிவிட்டது. அத்தையின் கால் மட்டும் எனக்கு எப்போதும் போலவே தெரிந்தது. அது கண்ணுக்குத் தெரியாமல்தான் குறையும் என்று ஜமீலாவிடம் விளக்கிச் சொன்னேன். அவளும் யோசித்துப் பார்த்துவிட்டு, ஆமாம், அப்படித்தான் இருக்கும் என்றாள்.